லென்ஸுக்கு வைத்த பொட்டு

புரட்டாசி 5, ஞாயிறு. மகாளய அமாவாசை

இன்று முதல் ஒரு மண்டலத்துக்கு வெங்காயம், பூண்டு இல்லை. உலகம்மனிடம் சொல்லிவிட்டேன். அமாவாசையில் தொடங்கியதற்குப் பக்தி மட்டும் காரணமல்ல. இன்று எப்படியும் நம் வீட்டில் வெங்காயம் கிடையாது. ஆகவே யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். நாளை கேட்டால் புரட்டாசி என்பேன். பொய்யை நேரம் பார்த்துத் தொடங்குவதில் எனக்கு இருக்கும் திறமை படிப்பில் இருந்திருந்தால், நாற்பத்திரண்டு வயதில் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டிருக்க வேண்டாம்.

விஷயம் இதுதான். கழுத்தில், வலது பக்கம், சுண்டைக்காய் அளவுக்கு ஒன்று இருக்கிறது. எச்சில் விழுங்கினால் அதுவும் கூடவே ஏறி இறங்குகிறது. வலி இல்லை. காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கப் போன இடத்தில் டாக்டரம்மா தடவிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். மெல்லிய ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடுமாம். அடுத்த வாரமே வரச் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்டும்போதும் அது ஏறி இறங்கியது.

என் கூடப்பிறந்த ஆவுடையக்காளுக்கும் கழுத்தில்தான் வந்தது. ஊசி போட்டுப் பார்த்தார்கள். வருடம் திரும்புவதற்குள் போய்விட்டாள். தூங்குகிறதை ஊசியால் குத்தி எழுப்பினால் அது சும்மா இருக்குமா? எனவே ஊசிக்குப் பதில் விரதம். மண்டலம் முடிவதற்குள் கரைந்துவிட வேண்டும் என்பது அம்மனோடு பேச்சு.

இவரிடம் சொல்லவில்லை. கடிகாரக் கடைக்காரருக்குத் தீபாவளி வரை மூச்சுவிட நேரம் இருக்காது. நாள் முழுக்க ஒற்றைக் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, கீழே விழுந்த எள்ளளவு திருகாணியைத் தேடிப் பிடிக்கிற மனிதர். எதிரே உட்கார்ந்து சோறு போடுகிறவளின் கழுத்தை இன்னும் பார்க்கவில்லை. நல்லதுதான்.

புரட்டாசி 7, செவ்வாய்

சாம்பாரைக் கரண்டியால் கிளறிக் கிளறி எதையோ தேடினார். கேட்கவில்லை. "புரட்டாசில்லா?" என்று நானே சொன்னேன். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவளை யாரும் சந்தேகப்படுவார்கள். இவர் படவில்லை. இரண்டாவது தடவையும் சாம்பார் ஊற்றச் சொன்னார்.

புரட்டாசி 11, சனி

செய்முறைப் பயிற்சி வகுப்பு. தனியாகப் பரீட்சை எழுதுகிறவர்கள் அறிவியலுக்கு மட்டும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பழக வேண்டும். மற்றதெல்லாம் மகள் பொன்மாரியின் பழைய புத்தகங்களை வைத்து நானே படித்தது. குக்கர் மூன்றாவது விசில் விடுவதற்குள் ஒளிச்சேர்க்கையை ஒரு தடவை சொல்லி முடித்துவிடுவேன்.

இந்த வீம்புக்குக் காரணமும் பொன்மாரிதான். மதுரையில் கல்லூரியில் சேர்ந்தபோது, படிவத்தில் தாயின் படிப்பு என்ற இடத்துக்கு வந்து, "ஒம்பதுன்னு எண்ணுல எழுதட்டா, எழுத்துல எழுதட்டாம்மா?" என்று கேட்டாள். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்று பாடம் நடக்கவில்லை. காலாண்டு விடுமுறை தொடங்குவதால் ஆய்வகத்துக்கு ஆயுத பூஜையை முன்கூட்டியே போட்டுவிடச் சொல்லித் தலைமையாசிரியை உத்தரவு. பாடம் எடுக்கும் ஜெபமணி டீச்சர் சின்ன வயதுப் பெண். "எனக்கு ஜெபம் பண்ணத் தெரியும், பொட்டு வைக்கத் தெரியாதுக்கா. நீங்க பாத்துக்கிடுங்க" என்று சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டார். படிப்பில் எனக்கு இதுவரை யாரும் இப்படி ஒரு பொறுப்பைக் கொடுத்ததில்லை. தலைகால் புரியவில்லை.

தராசு, அடுப்பு, அமில பாட்டில், தவளை கிடந்த ஜாடி என்று ஒன்றையும் விடவில்லை. மூலையில் நின்ற எலும்புக்கூட்டின் நெற்றிக்கு விரலைக் கொண்டுபோனபோது பக்கத்து இருக்கை பீர் பாத்திமா தடுத்தாள். "யக்கா, ஆணா பொண்ணான்னு தெரியாம குங்குமம் வச்சிராதீங்க." நியாயம்தான். அதற்குத் திருநீறு பூசினேன்.

மைக்ராஸ்கோப்பில்தான் திணறிப்போனேன். அதற்கு நெற்றி எது? கண் வைத்துப் பார்க்கிற மேல் குழாயைப் பிடித்துத் தூக்கினால் கையோடு வந்துவிட்டது. ஆட்டுரலைக் கழுவினால் குழவியின் அடிப்பக்கத்தையும் கழுவுகிறவள் நான். அரைகுறை வேலை ஆகாது. மேலே சந்தனம் வைத்தேன். குழாயைத் திருப்பி அடிக்கண்ணாடியில் ஒரு சிட்டிகை குங்குமம் வைத்து, பத்திரமாகத் திரும்பச் செருகினேன். எல்லா மைக்ராஸ்கோப்புக்கும் இதே மரியாதை.

மற்ற சாமான்களைவிட அவற்றுக்குக் கற்பூரத்தைக் கொஞ்சம் அதிக நேரம் காட்டினேன். நல்லதாகவே பார் தாயே என்று வேண்டிக்கொண்டேன். பரீட்சைக்காகத்தான்.

புரட்டாசி 15, புதன். ஆயுத பூஜை

கடையில் பூஜை. இவருடைய கண் லென்ஸுக்குப் பொட்டு வைத்தேன். "ஏட்டி, கண்ணாடில வைக்காதன்னு வருசா வருசம் சொல்லுதேன்" என்று சட்டை நுனியால் துடைத்தார். வருடா வருடம் சொல்கிறார். வருடா வருடம் வைக்கிறேன். குடும்பம் இப்படித்தான் ஓடுகிறது.

கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். சுண்டைக்காய் அப்படியே. விரதம் தொடங்கிச் சில நாள்தானே ஆகிறது.

புரட்டாசி 25, சனி

இன்று வெங்காயத் தோல்.

உலகத்தில் கத்தரிக்காய் இருக்கிறது, வாழைத்தண்டு இருக்கிறது. செல்லைப் பார்ப்பதற்கு இந்தக் கல்வித்துறை தேர்ந்தெடுத்திருப்பது வெங்காயத்தை. அம்மன் என்னைச் சோதிப்பதற்குப் பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் வரை போயிருக்கிறாள்.

விரதம், தொடமாட்டேன் என்றேன். தின்னச் சொல்லவில்லை, உரிக்கத்தான் சொல்கிறேன் என்றார் டீச்சர். என் விரதத்தில் வாசனையும் சேர்த்தி என்றேன். அப்படி ஒன்றும் நான் அம்மனிடம் சொல்லவில்லை. அந்த நேரத்துக்கு வாயில் வந்தது. பீர் பாத்திமாதான் உரித்தாள். "வெங்காயம் என்ன ஒங்கள கடிச்சா வைக்கப்போவுது?" என்று சொல்லிக்கொண்டே இதழின் உள்பக்கத்திலிருந்து மெல்லிய சவ்வை இழுத்து, கண்ணாடியில் பரப்பி, சிவப்புச் சாயம் ஒரு சொட்டு விட்டு, மேலே மெல்லிய கண்ணாடிச் சில்லால் மூடினாள். மூடுவது மட்டும் நான். சாய்த்துப் பிடித்து மெதுவாக இறக்கினேன். தோசை திருப்புகிற கை. காற்றுக் குமிழி ஒன்றுகூட வரவில்லை.

பார்த்தேன். செங்கல் சுவர். வரிசை பிசகாமல் அடுக்கி, நடுவில் பூச்சு. இத்தனை வருடம் இதையா வதக்கிக்கொண்டிருந்தேன்! சுவரின் மேல் அங்கங்கே கருஞ்சிவப்பில் பெரிதும் சிறிதுமாக மணிகள். ஒரு கல்லில் மூன்று, பக்கத்துக் கல்லில் ஒன்றும் இல்லை. உட்கரு இதுதான் என்று முடிவு செய்து ரெக்கார்டு நோட்டில் அச்சு அசலாக வரைந்தேன். புத்தகத்தில் கல்லுக்கு ஒன்றுதான் போட்டிருந்தது. புத்தகம் போட்டவர் சரியாகப் பார்த்திருக்கமாட்டார்.

என் படம் சுத்தமாக இருந்ததால் வகுப்பே அதைப் பார்த்து வரைந்தது. அவரவர் மைக்ராஸ்கோப்பில் வேறு மாதிரி தெரிகிறது என்று ஒன்றிரண்டு பேர் முனகினார்கள். நன்றாக உற்றுப் பாருங்கள் என்று சொன்னேன். டீச்சரைத் தலைமையாசிரியை கூப்பிட்டுவிட்டதால் திருத்தம் பிறகு.

ஐப்பசி 1, சனி

டீச்சர் கூட்டத்துக்குப் போய்விட்டார். விளையாட்டு சார் வந்து, செய்முறை நோட்டில் உள்ளபடி செய்துகொள்ளுங்கள் என்று விசிலைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இன்று அவரவர் கன்னத்துச் செல். வாயைக் கொப்பளித்து, ஈர்க்குச்சியின் தட்டையான முனையால் கன்னத்தின் உள்பக்கத்தை லேசாக வழித்து, கண்ணாடியில் தடவி, நீலச் சாயம். தடவிய இடத்தையே திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தேன். ஏன் என்று பீர் பாத்திமா கேட்டாள். காலையில் காபி குடிக்கவில்லை என்றேன்.

பார்த்தேன். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. போன வாரம் வெங்காயத்தில் கண்ட அதே சிவப்பு மணிகள். அதே அளவு, அதே அடுக்கு. இடது ஓரத்தில் மூன்று, நடுவில் பெரிதாக ஒன்று, கீழே வால்போல் இரண்டு. நோட்டைத் திறந்து ஒப்பிட்டேன். இம்மி பிசகவில்லை. வெங்காயத்துக்குள்ளும் அவள், எனக்குள்ளும் அவள். சாயம்கூட நீலம், மணி மட்டும் சிவப்பு. அம்மனின் நிறம்! எத்தனை பேர் காட்டில் போய்த் தவம் கிடந்து கண்டதை நான் பள்ளிக்கூட முக்காலியில் உட்கார்ந்து கண்டுவிட்டேன்.

பீர் பாத்திமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் "சுப்ஹானல்லாஹ்" என்றாள்.

சுண்டைக்காய்க்குள்ளும் இதுதானே இருக்கும்? பிறகென்ன பயம், பிறகென்ன ஊசி? நிம்மதியாக வீட்டுக்கு வந்து அடை சுட்டேன்.

இன்று செலவு: ஈர்க்குச்சி ஒன்று. வரவு: ஞானம்.

ஐப்பசி 3, திங்கள். தீபாவளி

புதுச்சேலை. ரவிக்கையைக் கழுத்தை ஒட்டித் தைக்கச் சொல்லியிருந்தேன். டீச்சராகவே ஆகிவிட்டாயா என்று நாத்தனார் கேட்டாள். சிரித்தேன். விழுங்கும்போது ரவிக்கைக் கழுத்து இடிக்கிறது. தையல்காரர் அளவைத் தப்பாக எடுத்திருப்பார்.

ஐப்பசி 8, சனி

வரவில் எழுதிய ஞானத்தை அடித்துவிட்டேன்.

டீச்சர் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தார். என் நோட்டில் முதல் பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் மாற்றி மாற்றிப் புரட்டினார். மற்றவர்களின் நோட்டுகளைப் பார்த்தார். எல்லாவற்றிலும் இடது ஓரத்தில் மூன்று, நடுவில் பெரிதாக ஒன்று, கீழே வால்போல் இரண்டு. "அக்கா, வெங்காயத்துக்கும் ஒங்க கன்னத்துக்கும் இது எப்படிக்கா ஒரே மாதிரி?" என்று கேட்டார்.

நான் விளக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு விளக்கினேன் என்று பீர் பாத்திமா பிறகு சொன்னாள்.

டீச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கன்னத்தை வழித்து என் மைக்ராஸ்கோப்பில் வைக்கச் சொல்லி, கண்ணாடித் துண்டை லேசாக நகர்த்திப் பார்க்கச் சொன்னார். நகர்த்தினேன். செல் நகர்ந்தது. மணிகள் நகரவில்லை. இப்போது மேல் குழாயைத் திருகச் சொன்னார். திருகினேன். செல் அப்படியே இருக்க, அம்மன் மட்டும் ராட்டினம் சுற்றினாள்.

டீச்சர் குழாயை உருவித் திருப்பி என் மூக்குக்கு நேரே பிடித்தார். அடிக்கண்ணாடியில் நான் வைத்த குங்குமம்! விடுமுறை முடிந்ததும் அட்டெண்டர் எல்லாவற்றையும் துடைத்திருக்கிறார், வெளிப்பக்கம் மட்டும். குழவியின் அடிப்பக்கத்தையும் கழுவுகிறவர் அவர் இல்லையே.

வகுப்பு சிரித்த சிரிப்பில் எலும்புக்கூடு ஆடியது. பீர் பாத்திமா தன் நோட்டில் உட்கருவை அழித்துக்கொண்டே, "சுப்ஹானல்லாஹ் சொல்ல வச்சிட்டீகளே யக்கா, குங்குமத்துக்கு" என்றாள். நானும் சிரித்தேன். டீச்சர் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார்.

"ரெண்டு வாரமா நீங்க செல்லையே சரியா பாக்கலக்கா. நீங்க வச்ச பொட்டத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குழாயைத் துடைத்துச் செருகி, என் கன்னத்தை மறுபடி வழித்துப் பார்த்தேன். இந்த முறை ஒன்றுமே இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பத் திருப்ப வந்தது. வெளிறி, ஓரம் மடங்கி, சரியாக வார்க்காத ஆப்பம்போல ஒன்று. நடுவில் நீலமாக ஒரே ஒரு புள்ளி. சிலிர்ப்பு இல்லை, அலங்காரம் இல்லை. இதுதான் நான்.

எல்லோரும் போனபிறகு டீச்சரிடம் கேட்டேன். எனக்குத் தெரிந்த ஒருத்திக்குக் கழுத்தில் ஒரு கட்டி. ஊசி போட்டு எடுத்துப் பார்த்தால் அது முழித்துக்கொள்ளும் என்கிறார்களே, உண்மையா? டீச்சர் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "இப்ப ரெண்டு தடவ கன்னத்த வழிச்சீங்களே, அது என்ன கோவிச்சுக்கிட்டா? பாக்குறதால ஒண்ணும் ஆகாதுக்கா. அவங்கள சீக்கிரம் போகச் சொல்லுங்க" என்றார். 'அவங்களை' என்று சொல்லும்போது என் ரவிக்கைக் கழுத்தைப் பார்த்தார். இல்லை, பார்க்கவில்லை. எனக்குத்தான் அப்படித் தோன்றியிருக்கும்.

என் வீட்டுக்காரர் கடிகாரக் கடைக்காரர் என்பதால், குங்குமம் ஏறிய எல்லாக் குழாய்களையும் பஞ்சில் சுற்றிக் கொடுத்தனுப்பினார். செய்த பாவத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன்.

ஐப்பசி 9, ஞாயிறு

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இவர் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து குழாய்களைத் துடைத்தார். கண்ணில் லென்ஸ், விரலிடுக்கில் பஞ்சு சுற்றிய ஊசி. எந்த மகராசி இதில் குங்குமம் வைத்தது என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் யாரோ என்றேன். "வச்சுப் பழகுன கை. அடியிலயும் வச்சிருக்கு" என்றார். அடுத்த குழாயை எடுத்தார்.

நான் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் துலக்கினேன். துலக்கும்போது ஆவுடையக்காள் நினைவு வந்தது. கொஞ்ச நேரம் குழாயைத் திறந்து விட்டுவிட்டு நின்றேன். தண்ணீர் வீண். முகத்தைக் கழுவிக்கொண்டு, டீச்சர் எத்தனை கொடுத்தாரோ அத்தனையும் இருக்கிறதா என்று எண்ண வாசலுக்கு வந்தேன்.

இவர் லென்ஸை எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தார். கண் ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டார்.

"வெங்காயம் நறுக்குனேன்" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வருகிற பதில். நாக்கு யோசிக்காமல் சொல்லிவிட்டது.

"வீட்டுக்கு வெங்காயம் வந்து ஒரு மாசமாச்சேட்டி" என்றார்.

நல்ல நேரம் பார்த்து ஆரம்பித்த பொய்க்கு இதுதான் கதி. வெங்காயத்தை விட்டவளுக்கு அழுவதற்கு ஒரு காரணம் வேண்டாமா? மண்டலக் கணக்கெல்லாம் போட்டேன், இதை மட்டும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டேன்.

ரவிக்கையின் கழுத்துக் கொக்கியைத் தளர்த்திக் காட்டினேன். வேறென்ன செய்ய? லென்ஸ் அவர் கண்ணிலிருந்து நழுவி மடியில் விழுந்தது, அதைத் தேடவில்லை. ஸ்பிரிட் வாசனை அடிக்கிற விரலை அந்த இடத்தில் வைத்தார். விழுங்கச் சொன்னார். விழுங்கினேன். அவரும் விழுங்கினார்.

எப்போதிருந்து என்று கேட்டார். சொன்னேன். விரதத்தைச் சொன்னேன். அக்காளுக்கு ஊசி போட்டதையும் சொன்னேன். அதற்கு மட்டும்தான் குரல் உயர்ந்தது.

"ஒங்க அக்கா ஊசி போட்டதால சாகலட்டி. எலுமிச்சங்கா அளவு ஆகுற வரைக்கும் யாருக்கும் காட்டாம வச்சிருந்தா. அத நீ எங்கிட்ட சொல்லித்தான் எனக்கே தெரியும்."

உண்மைதான். நான்தான் சொன்னேன். அமாவாசை அன்று இந்த நோட்டில் எழுதும்போது அது மறந்துவிட்டது.

குழாய்களைப் பஞ்சில் சுற்றி வைத்துவிட்டு, நாளைக்குக் கடை திறக்கவில்லை என்றார்.

ஐப்பசி 10, திங்கள். சூரசம்ஹாரம்

ஆஸ்பத்திரி. அம்மனிடம் காலையில் பேசினேன். உனக்கு வைக்கவேண்டிய இடத்தில் வைத்துக்கொள்கிறேன், பார்க்கவேண்டிய இடத்தில் துடைத்துவிடுகிறேன் என்றேன். அவள் ஆட்சேபிக்கவில்லை.

ஊசி எறும்பு கடித்ததைவிடக் கொஞ்சம் அதிகம், பாகற்காய் முள்ளைவிடக் குறைவு. இதற்கா ஒரு மாதம் வெங்காயமில்லாத சாம்பார்? ஊசியில் வந்ததை ஆய்வகப் பெண் ஒரு கண்ணாடியில் வைத்து இன்னொரு கண்ணாடியால் ஒரே இழுப்பில் பரப்பினாள். நல்ல கை. என் கன்னத்தை நான் பரப்பியதைவிட மெல்லிசாக வந்தது. அதில் என்ன தெரியப்போகிறதோ, அதுவும் நானேதான்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "லென்ஸத் தொடச்சிட்டியளாம்மா?" என்று கேட்டேன். தினமும் துடைப்போம் என்றாள். "அடிப்பக்கம்?" என்றேன். இவர் என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் சூரனை வதைத்தார்கள். கூட்டத்தில் இவர் என் பின்னால் நின்றார். எப்போதும் செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வெளியிலேயே நின்றுவிடுகிற மனிதர்.

ஐப்பசி 12, புதன்

முடிவு வரவில்லை. பல்லி சுவரில் கத்தியது. எந்தப் பக்கம் என்று பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன்.

ஐப்பசி 14, வெள்ளி

கெட்டது இல்லை.

டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார். இவர் மூன்றாவது தடவை கேட்டார். சாதாரணக் கழலையாம். இப்போதைக்கு வெட்ட வேண்டியதில்லை. ஆனால் விட்டுவிடக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். சுண்டைக்காய் கரையவில்லை, இருந்த இடத்தில் இருக்கிறது. இனி இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு காலம் தள்ள வேண்டியதுதான்.

வாசலில் வந்து பொன்மாரிக்குப் போன் போட்டேன். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று ஒரு பாட்டம் திட்டினாள். நான் பதிலுக்கு, செல்லின் உறுப்புகளை வரிசையாகச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அழுதுகொண்டே சிரித்தாள்.

விரதத்தால் ஆனதா, முதலிலிருந்தே அப்படித்தான் இருந்ததா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அம்மன் பெயரிலேயே எழுதிவிட்டேன். எப்படியும் பேசியபடி மண்டலம் முடிய வேண்டும். இவர் முகம் வாடிவிட்டது. பரிசோதனை முடிவைக் கேட்ட அன்றே வெங்காயச் சாம்பார் கிடைக்கும் என்று நினைத்திருப்பார்.

ஐப்பசி 22, சனி

நேற்றோடு மண்டலம் முடிந்தது.

இன்று வகுப்பில் எல்லோரும் வெங்காயப் படத்தை முதலிலிருந்து வரைய வேண்டும் என்றார் டீச்சர். பீர் பாத்திமா வெங்காயத்தை எடுத்தாள். அதை வாங்கி நானே உரித்தேன். நாட்பட்ட பழக்கம் விட்டுப்போனதால் சுருக்கென்று கண்ணில் ஏறியது. சவ்வை இழுத்துப் பரப்பிச் சாயம் விட்டு மூடினேன். மேல் குழாயை உருவி அடியைப் பார்த்தேன். இவர் துடைத்தது, பளிச்சென்று இருந்தது. பிறகுதான் கண்ணை வைத்தேன்.

செங்கல் சுவர். கல்லுக்கு ஒரே ஒரு புள்ளி, அதுவும் ஓரமாக ஒட்டிக்கொண்டு. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான், புத்தகம் போட்டவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். ஸ்லைடை நகர்த்தினேன். புள்ளிகள் கூடவே நகர்ந்தன.

ரெக்கார்டு நோட்டில் வரைய ஆரம்பித்தேன். கண்ணில் நீர் நிற்கவே இல்லை. உரித்து வெகுநேரம் ஆகியும் நிற்கவில்லை. டீச்சர் வந்து தோளைத் தொட்டு, "என்னக்கா?" என்றார்.

வெங்காயம் என்றேன். இந்த முறை சாட்சிக்கு மேசை மேலேயே இருந்தது.